கொசுத்தேனில் இருந்த இரும்பு யாருடையது? சேலம், சேர்வராயன் மலைச்சரிவில் மூன்று கூடுகளின் தாதுப்புக் கணக்கு

கொசுத்தேனை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு என்று ஒரு பட்டியல் வரும். அதை அப்படியே சீசாவின் மேல் அச்சடித்துவிடும் ஆசையும் கூடவே வரும். அந்த எண்களில் எது பூவிலிருந்து வந்தது, எது மண்ணிலிருந்து வந்தது, எது பிழிந்தவர் கையிலிருந்து வந்தது என்று பிரிப்பதுதான் இந்த நிகழ்வு ஆய்வின் வேலை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது செயல்விளக்கத்துக்காகக் கட்டமைத்த மாதிரி நிகழ்வு. மூன்று கூடுகளுக்கும் தந்திருக்கும் அளவுகள் கணக்கு விளங்க எடுத்துக்கொண்டவை. எந்தத் தோட்டத்தின் அறிக்கையும் அல்ல. நில அமைப்பு, வேதியியல், தர வரம்புகள் ஆகியவை உண்மையானவை.

நிகழ்வு

ஓர் உற்பத்தியாளர் மூன்று இடங்களில் கொசுத்தேனீ வளர்க்கிறார். முதல் கூடு ஏற்காடு மலைச்சாலையின் மேல்பாதியில், சில்வர் ஓக் நிழலில் உள்ள காப்பித் தோட்டத்தில் மரப்பெட்டியில் இருக்கிறது. இரண்டாவது கருப்பூர்ப் பக்கம், வெள்ளைக்கல் கரட்டுக்கு அருகே ஒரு மண்பானையில். மூன்றாவது செவ்வாய்ப்பேட்டையில் பழைய ஓட்டு வீட்டின் திண்ணை ஓரம், மூங்கில் துண்டுக்குள். மூன்றிலும் தேன் பானைகளைக் கரண்டியால் வழித்து, துணியில் கட்டிக் கையால் பிழிந்து வடித்திருக்கிறார். மகரந்தமும் பிசின்மெழுகும் தனித்தனிப் பொட்டலங்கள்.

அறிக்கையில் தேனுக்கு வந்தவை இவை. எல்லாம் கிலோவுக்கு மில்லிகிராம்.

காப்பித் தோட்டம்: பொட்டாசியம் 900, மக்னீசியம் 40, இரும்பு 28, அலுமினியம் 32, செம்பு 2.1.
வெள்ளைக்கல் கரடு: பொட்டாசியம் 640, மக்னீசியம் 150, இரும்பு 43, அலுமினியம் 7, நிக்கல் 1.6, குரோமியம் 0.3.
செவ்வாய்ப்பேட்டை: பொட்டாசியம் 700, மக்னீசியம் 35, இரும்பு 6, அலுமினியம் 3, ஈயம் 0.4.

உற்பத்தியாளருக்கு இரண்டு கேள்விகள். வெள்ளைக்கல் கரட்டுத் தேனை ‘இரும்பும் மக்னீசியமும் மிகுந்தது’ என்று விற்கலாமா? செவ்வாய்ப்பேட்டைத் தேனில் ஈயம் எப்படி வந்தது?

தேனீ எதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருகிறது

தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்று பொதுவாகச் சொல்வது டெட்ரகோனுலா பேரினத்தைச் சேர்ந்தது. டெட்ரகோனுலா இரிடிபென்னிஸ் என்ற பெயரில் வெகுநாள் அடங்கியிருந்தவற்றை வகைப்பாட்டியலார் இப்போது பல இனங்களாகப் பிரிக்கிறார்கள். உடல் 4 மில்லிமீட்டர் அளவு. இரை தேடும் சுற்று பெரும்பாலும் சில நூறு மீட்டர். மலைத்தேனீயும் அடுக்குத்தேனீயும் கிலோமீட்டர் கணக்கில் சுற்றி வருவதால் அவற்றின் தேன் ஒரு வட்டாரத்தின் சராசரி. கொசுத்தேனீயின் தேன் ஒரு தெருவின், ஒரு சரிவின் கணக்கு. தாதுப்பு ஆய்வுக்கு அது சுவையானதாக இருப்பதும், ஒரே ஒரு கெட்ட மூலம் கூட்டையே கெடுத்துவிடுவதும் இதனால்தான்.

அடுக்குத்தேனீ தன் உடலில் சுரந்த மெழுகால் அடை கட்டுகிறது. கொசுத்தேனீ மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துக் கட்டுகிறது. ஆய்வு நூல்கள் செருமன் என்று சொல்லும் இந்தக் கலவையை இங்கே பிசின்மெழுகு என்போம். தேன் பானை, மகரந்தப் பானை, முட்டையறை எல்லாமே இதில்தான். கூட்டின் வெளிச்சுவரும் நுழைவாய்க் குழாயும் இன்னும் முரடு. அங்கே மண்துகள், மணல், தாவரத் துணுக்கு எல்லாம் சேரும். தென் அமெரிக்க மெலிபோனா தேனீக்களில் பிசினோடு மண் கலப்பது அவற்றின் அடையாளமே. நம்முடையது அவ்வளவு மண் சேர்ப்பதில்லை, ஆனாலும் விரிசல் அடைக்கவும் வெளிச்சுவரைத் தடிப்பாக்கவும் சேர்க்கிறது. பிசினுக்கு மா, பலா, முந்திரி போன்ற மரங்களின் காயங்களைத் தேடிப் போகும். கிடைக்காத இடத்தில் காயாத பெயின்ட், தார், கிரீஸ் எதையும் விடாது. ஒட்டினால் போதும், தேனீக்கு அதுவும் பிசின்தான்.

ஆகவே ஒரே கூட்டில் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. தேன் என்பது பூவின் சாறு. தாதுப்பு குறைவு, அதிலும் பெரும்பங்கு பொட்டாசியம். மகரந்தத்தில் சாம்பல் பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரும். பொட்டாசியத்தோடு பாஸ்பரஸ், மக்னீசியம், கால்சியம், துத்தநாகம் எல்லாம் தேனைவிடப் பல மடங்கு. பிசின்மெழுகில் செடியின் பங்கு குறைவு, ஒட்டிக்கொண்ட தூசியின் பங்கு அதிகம். இம்மூன்றையும் ஒரே துணியில் கட்டிப் பிழிந்தால் வருவதைத் தேன் என்று சொல்லி அளந்தது முதல் தவறு.

நிலம் சொல்வது

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். மேல்மட்டத்தில் அது சிதைந்து செம்புறை மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. மழையில் கரைவது கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் தங்கிய மண் அது. மலையை விட்டு இறங்கிச் சேலத்தின் வடமேற்கே போனால் கதை வேறு. சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வாங்கிக்கொடுத்த வெள்ளைக்கல் சுண்ணாம்பே அல்ல, மேக்னசைட். அதாவது மக்னீசியம் கார்பனேட். அது ஓடும் தாய்ப்பாறை டியூனைட் வகை. மக்னீசியம் மிகுதி, அலுமினியமும் கால்சியமும் குறைவு, கூடவே நிக்கலும் குரோமியமும் உண்டு. ஆக மலைத்தோட்டத்து மண் தேனில் விழுந்தால் அலுமினியமும் இரும்பும் சேர்ந்து ஏறும். கரட்டு மண் விழுந்தால் மக்னீசியம், இரும்பு, நிக்கல் சேர்ந்து ஏறும், அலுமினியம் அசையாது. அறிக்கையை இன்னொரு முறை பாருங்கள். முதல் இரண்டு கூடுகளும் தங்கள் முகவரியை எழுதியே வைத்திருக்கின்றன.

சந்தேகத்தை எண்ணாக்க, கூட்டுக்கு அடியில் உள்ள மேல்மண்ணை நுண்ணிய சல்லடையில் சலித்து, தேனைச் செரித்த, அதாவது அமிலத்தில் சூடேற்றிக் கரைத்த, அதே நைட்ரிக் அமில முறையில் செரித்து அளக்க வேண்டும். மண்ணின் மொத்த அளவைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டால் கணக்கு கெடும், ஏனென்றால் நைட்ரிக் அமிலம் சிலிக்கேட்டை முழுக்கக் கரைக்காது. கரட்டு மண்ணில் இப்படி வந்தது மக்னீசியம் 15 சதவீதம், இரும்பு 5 சதவீதம், நிக்கல் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பூச்சாற்றில் நிக்கல் இருப்பது சொற்பம். எனவே தேனிலுள்ள 1.6 முழுவதும் மண் என்று கொண்டால், 1.6-ஐ 2000-ஆல் வகுக்க 0.0008, அதாவது தேனில் மண் 0.08 சதவீதம். அந்த மண் கொண்டுவரும் இரும்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம், மக்னீசியம் 120. அறிக்கையின் 43-லிருந்து 40 போனால் 3. 150-லிருந்து 120 போனால் 30. மிஞ்சுவது சாதாரணப் பூத்தேனின் அளவு. நிக்கலை வைத்துப் போட்ட கணக்கு இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. இப்படி இரண்டு தனிமங்களாவது ஒத்துப்போகாமல் ‘மண்தான்’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

இங்கே குரோமியத்தைத் தடயமாக எடுக்காததற்குக் காரணம் உண்டு. டியூனைட்டில் குரோமியத்தின் பெரும்பங்கு குரோமைட் மணிகளில் அடைபட்டிருக்கிறது. நைட்ரிக் அமிலத்துக்கு அது மசியாது. நிக்கல் ஆலிவின், செர்பென்டின் என்ற கனிமங்களில் இருப்பதால் எளிதில் கரைந்து வரும். இதே பகுதியில் ‘குரோமியம் குறைவு, ஆகவே மண் கலக்கவில்லை’ என்று முடிவுகட்டுவது சறுக்கும் இடம். டைட்டானியமும் அப்படித்தான்: செடி அதை எடுப்பதில்லை என்பதால் சிறந்த மண் தடயம், ஆனால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இல்லாமல் சரியாகக் கரைவதில்லை.

காப்பித் தோட்டத்துக்கும் இதே கணக்கு. அங்குள்ள மண்ணில் நைட்ரிக்கில் வருவது அலுமினியம் 6 சதவீதம், இரும்பு 5 சதவீதம் என்றால், 0.05 சதவீத மண் அலுமினியம் 30-ஐயும் இரும்பு 25-ஐயும் தரும். மிச்சம் முறையே 2, 3. தீர்ந்தது. தீராதது செம்பு.

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் தேனில் நீரில் கரையாத பொருள் 100 கிராமுக்கு 0.1 கிராம் வரை இருக்கலாம். பிழிந்தெடுத்த தேனுக்கு 0.5 வரை. 5 சதவீத இரும்புள்ள மண் 0.1 சதவீதம் இருந்தாலே இரும்பு 50 மில்லிகிராம் ஏறிவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், வடிகட்டிய, விதிக்கு உட்பட்ட தேனே இப்படி இரும்பில் பத்து மடங்குக்கு மேல் ஏமாற்ற முடியும். கரையாத பொருளின் அளவைக் கேட்டு வாங்காமல் இரும்பின் அளவை மட்டும் வாங்குவது பாதி அறிக்கைக்குக் காசு கொடுப்பது.

செம்பு

மலைக்காப்பியில் இலைத்துரு நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பது வழக்கம். 0.5 சதவீதக் கலவைக்கு 200 லிட்டர் தண்ணீரில் மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. மயில்துத்தத்தில் செம்பு 25 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய 255 கிராம் செம்பு. பருவமழைக்கு முன் ஒரு தெளிப்பு, மழைக்குப் பின் இன்னொன்று. காப்பிப் பூ மார்ச், ஏப்ரல் பூமழைக்குப் பின் மலர்ந்து சில நாளில் முடிந்துவிடுவதால், மே, ஜூன் தெளிப்பு நேரடியாகக் காப்பிப் பூவில் விழுவதில்லை. விழுவது களைப்பூக்களிலும், நிழல் மரங்களின் தாழ்ந்த கிளைகளிலும், தேனீ தண்ணீர் குடிக்கும் தேக்கங்களிலும்.

ஆனாலும் செம்பு என்றதும் தெளிப்பைக் கைகாட்டுவது அவசரம். கொசுத்தேன் புளிப்பு மிகுந்தது. மலேசியாவில் கேலுலுட் எனப்படும் கொசுத்தேனுக்கான தரமே அமிலநிலையை (pH) 2.5 முதல் 3.8 வரை என்கிறது. அவ்வளவு புளிப்பைப் பித்தளைச் சொம்பில் ஓர் இரவு வைத்தால் செம்பும் துத்தநாகமும் இரண்டுமே கரையும். எனவே முதலில் துத்தநாகத்தைப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பாத்திரம். செம்பு மட்டும் தனியே ஏறியிருந்தால் தெளிப்பு என்று ஐயுறலாம். பின் தெளிப்புக்கு முன் எடுத்த மகரந்தத்தையும், இரண்டு வாரம் கழித்துப் புதிதாக மூடிய பானையின் மகரந்தத்தையும் ஒப்பிட வேண்டும். மாதிரி நிகழ்வில் முன்னது 14, பின்னது 61. தேனில் 2.1 என்ற சிறு எண் சொல்லாததை மகரந்தம் உரக்கச் சொல்கிறது. வயலில் எதையாவது கண்காணிக்க விரும்பினால் தேனை விட்டுவிட்டு மகரந்தத்தை அனுப்புவதே செலவுக்கு ஏற்ற பலன் தரும்.

ஈயம்

செவ்வாய்ப்பேட்டைத் தேனில் அலுமினியம் 3 மட்டுமே. ஆகவே தெருமண் அல்ல. பிசின்மெழுகின் அறிக்கையில் ஈயம் 38. தேனைப் பிழியும்போது பானைச்சுவர் நொறுங்கி 1 சதவீதம் தேனோடு கலந்தால் 0.38 வரும், அறிக்கை 0.4. ஈயம் பூச்சாற்றில் வரவில்லை, பானையின் சுவரில் இருந்து வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தேனில் ஈயத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.10 மில்லிகிராம்; அதற்கு நான்கு மடங்கு இது.

சுவருக்கு எங்கிருந்து வந்தது? பழைய வீட்டின் ஜன்னல் கம்பி, கேட், தூண் இவற்றின் பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டிச் சோதிப்பது முதல் வேலை. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகள் சுவரிலேயே இருக்கின்றன. சுரண்டி மறுபெயின்ட் அடிக்கும் நாளில் பறக்கும் தூள் பிசினில் ஒட்டும். பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு: கம்பிக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு இரும்பு ஆக்சைடு, ரெட் லெட் என்பதுதான் ஈய ஆக்சைடு. இரண்டும் செந்நிறம். நிறத்தை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது.

கொலுசுப் பட்டறைகள் நெருங்கிய தெரு என்றால் பட்டியலில் வெள்ளியையும் காட்மியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். காட்மியம் கலந்த பற்றாசு புழங்கிய இடத்தில் அதன் புகைப்படிவு கூரையிலும் ஓட்டு இடுக்கிலும் தங்கியிருக்கலாம். இந்த மாதிரி நிகழ்வில் காட்மியம் எழவில்லை என்று கொள்வோம்.

மறுபடி எடுத்த மாதிரி

இரண்டாம் முறை எடுப்பில் மாற்ற வேண்டியது கருவியைவிடக் கைப்பழக்கம். பெட்டி திறப்பதற்கு முன் மேல்மூடியின் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். உலர்ந்த தூரிகை போட்டால் தூசி பானைமேல் இறங்கும். மூடிய, முதிர்ந்த தேன் பானையைப் பிளாஸ்டிக் முனையால் மேலே துளைத்து, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சில் சிறு சிலிக்கான் குழாய் மாட்டி உறிஞ்ச வேண்டும். குழாயின் முனை பானையின் அடியைத் தொடக் கூடாது. ஒரு கூட்டுக்கு 30 கிராம் தேன் போதும். ஆண்டுக்குச் சில நூறு கிராமே தரும் கூட்டில் அதற்கு மேல் கேட்பது அநியாயம். மகரந்தம் 10 கிராம், பானைச்சுவரை மூங்கில் குச்சியால் உரித்து நீக்கியபின். பிசின்மெழுகில் உட்சுவர் தனி, வெளிச்சுவர் தனி, நுழைவாய்க் குழாய் தனி. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்துப் ‘புரோபோலிஸ்’ என்று ஒரே எண்ணாக்குவது அடிக்கடி நடக்கும் பிழை. நுழைவாய்க் குழாய் ஒன்றே மொத்த எண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

எவர்சில்வர் கத்தி வேண்டாம். புளித்த தேனில் இரும்பு, நிக்கல், குரோமியம் மூன்றையும் சிறிதளவு விடும், கரட்டுப் பகுதியில் அதுவே மண் தடயமாக வேடம் போடும். பவுடர் போட்ட கையுறையும் வேண்டாம். அந்தப் பவுடர் டால்க் என்றால் மக்னீசியம் சிலிக்கேட், ரப்பரில் துத்தநாகம். வெள்ளைக்கல் ஊரில் மக்னீசியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது கையுறையிலிருந்து மக்னீசியம் போட்டுக்கொண்டால் சிரிப்பதா அழுவதா. சீசா பாலிப்ரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக்; 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறி, அயனி நீக்கிய நீரில் மும்முறை கழுவி, தூசியில்லாத இடத்தில் உலர்ந்தது. தேனை நைலான் வலையில் வடிகட்டலாம், ஆனால் வடிகட்டாத ஒரு பங்கையும் அனுப்புங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மிதக்கும் மண்ணின் அளவு.

ஆய்வகத்தில் தவறும் இடங்கள்

செரிப்புக்குத் தேன் 0.5 கிராம், 65 சதவீத நைட்ரிக் அமிலம் 7 மில்லி, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லி. சர்க்கரை அமிலத்தோடு சீறும் என்பதால் மூடாமல் அரைமணி நேரம் விட்டு, புகை அடங்கியபின் மைக்ரோவேவில் படிப்படியாக 180 டிகிரிக்கு மேல் ஏற்றி 15 முதல் 20 நிமிடம். அவசரப்பட்டு மூடினால் கலத்தில் அழுத்தம் எகிறிப் பாதுகாப்பு வால்வு திறக்கும். கலம் காலியாகும், ஆனால் கருவி ஒரு எண்ணைத் தரத்தான் செய்யும். பிசின்மெழுகு 0.25 கிராமுக்கு மேல் வேண்டாம். அதை உறைபெட்டியில் கல்லாக இறுக வைத்து, பீங்கான் உரலில் இடித்தால்தான் பொடியாகும். அறை வெப்பத்தில் இடித்தால் களிம்பாகி உரலோடு ஒட்டும், ஒட்டியது ஒருபங்கு, எடுத்தது வேறுபங்கு. செரித்தபின் அடியில் வெண்மணல் தங்கினால் அதைக் கொட்டிவிடாமல் வடித்து, உலர்த்தி, எடை போட வேண்டும். அமிலத்தில் கரையாத அந்த மிச்சம்தான் வெளிச்சுவரில் எவ்வளவு மணல் என்பதற்கு நேரடிச் சாட்சி.

மாதிரியைப் பிளாஸ்மாச் சுடரில் சூடேற்றி, தனிமங்கள் உமிழும் ஒளியை அளக்கும் ஐ.சி.பி. உமிழ்நிறமாலையில் பொட்டாசியம் மிகுந்த கரைசல் சோடியம் போன்ற எளிதில் அயனியாகும் தனிமங்களின் அளவைக் குலைக்கும். சுடரை நீளவாக்கில் நோக்குவதை விட்டுப் பக்கவாட்டில் நோக்கிப் படிப்பதும் சீசியம் சேர்ப்பதும் தீர்வு. அணு உறிஞ்சல் கருவி மட்டுமே உள்ள ஆய்வகத்தில் மகரந்தத்தின் கால்சியத்தைப் பாஸ்பேட் பிடித்துவைத்துக்கொள்ளும். லாந்தனம் குளோரைடு சேர்க்காவிட்டால் கால்சியம் குறைவாகவே வரும். அயனிகளை நிறைப்படி எண்ணும் ஐ.சி.பி. நிறைமானியில் ஆர்சனிக்கின் நிறை 75-இல், அதே நிறையுள்ள ஆர்கான் குளோரைடு வந்து உட்காரும். அதை விலக்கும் ஹீலியம் மோதல் அறை இல்லாமல் வந்த ஆர்சனிக் எண்ணை நம்ப வேண்டாம்.

ஈயத்துக்குத் தனியாக ஒரு சொல். 0.5 கிராம் தேனை 50 மில்லியாக நீர்த்தால் 100 மடங்கு நீர்ப்பு. கருவியின் அளவிடும் எல்லை லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் தேனில் அது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், ஐரோப்பிய வரம்பே அதுதான். அப்படிப்பட்ட அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால் வரம்பின் விளிம்பு வரை எதுவும் இருக்கலாம் என்று பொருள். 25 மில்லிக்கு நிறுத்தினால் எல்லை 0.05 ஆகும். அறிக்கை வாங்கும்போது அளவிடும் எல்லை, வெற்றுக்கலச் சோதனையின் (மாதிரி போடாமல் அமிலத்தை மட்டும் செரித்து அளந்ததன்) எண்கள், கலந்து மீட்ட சதவீதம் (தெரிந்த அளவு தனிமத்தைக் கலந்து அளந்ததில் திரும்ப வந்த பங்கு) மூன்றையும் கேளுங்கள். மீட்பு 80-க்கும் கீழே என்றால் செரிப்பிலோ மாற்றி ஊற்றுவதிலோ போயிருக்கிறது. மகரந்தத்துக்குச் சரிபார்ப்புப் பொருளாக தாது அளவு சான்றளிக்கப்பட்ட எஸ்.ஆர்.எம். 1515 ஆப்பிள் இலைப்பொடி போன்றவை உதவும். தேனுக்கு இவ்வளவு வசதி இல்லை, அதனால்தான் கலந்து மீட்டுப் பார்ப்பது கட்டாயம்.

ஈரமும் கடத்துதிறனும்

மலைத்தோட்டத் தேனின் ஈரம் 27 சதவீதம், கரட்டுத் தேனுடையது 22. பொட்டாசியம் 900-ஐயும் 640-ஐயும் நேருக்குநேர் ஒப்பிட முடியாது. உலர்எடைக்கு மாற்றினால் 900-ஐ 0.73-ஆல் வகுக்க 1233, 640-ஐ 0.78-ஆல் வகுக்க 821. இங்கே வரிசை மாறவில்லை, ஆனால் எண்கள் நெருங்கியிருந்தால் மாறியிருக்கும்.

சாம்பலுக்குப் பதில் கடத்துதிறனை அளந்து மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அடுக்குத்தேனீத் தேனுக்குப் புழங்கும் சூத்திரம்: கடத்துதிறன் என்பது 0.14-உடன் 1.74 மடங்கு சாம்பல் சதவீதத்தைக் கூட்டியது. கொசுத்தேனுக்கு இது காலை வாரும். கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.95 மில்லிசீமன்ஸ் என்றால் சூத்திரம் சொல்லும் சாம்பல் 0.47 சதவீதம்; உலையில் எரித்துப் பார்த்தால் 0.28. வேறுபாடு தாதுப்பு அல்ல, கரிம அமிலங்களும் மின்சாரத்தைக் கடத்துகின்றன. இன்னொரு நழுவல்: அளவீட்டுக்கு வேண்டியது 100 மில்லியில் 20 கிராம் உலர்பொருள். 20 சதவீத ஈரத் தேனுக்கு 25 கிராம் எடுத்த கைப்பழக்கம் இங்கே செல்லாது. 27 சதவீத ஈரத்துக்கு 27.4 கிராம் எடுக்க வேண்டும்.

எரிப்பதிலும் கவனம் வேண்டும். தேன் பொங்கி வழியும். முதலில் மென்சூட்டில் கருக்கி, பிறகு உலையில் 550 முதல் 600 டிகிரி. அதற்கு மேல் போனால் பொட்டாசியம், சோடியம் குளோரைடுகள் ஆவியாகத் தொடங்கும். இந்திய தரத்தில் தேனின் சாம்பல் 0.5 சதவீதத்துக்குள், ஈரம் 20-க்குள். சாம்பலில் தேறினாலும் கொசுத்தேன் ஈரத்தில் பெரும்பாலும் விழும், ஏனென்றால் அந்த விதி அடுக்குத்தேனீயை மனத்தில் வைத்து எழுதியது. மலேசியா 2017-இல் கேலுலுட் தேனுக்குத் தனித்தரம் வகுத்து ஈரம் 35, சாம்பல் 1.0 வரை இடம் விட்டது. ஈரத்தைக் காய்ச்சிக் குறைத்து விதிக்குள் நுழைக்கப் பார்ப்பவர்கள் எச்.எம்.எப். (தேன் சூடாகும்போது சர்க்கரையிலிருந்து உருவாகும் பொருள்) எண்ணில் மாட்டிக்கொள்வார்கள்.

விற்பனை

மறுஎடுப்பில் மூன்று தேனிலும் இரும்பு 3-க்கும் 4-க்கும் இடையே வந்துவிடுகிறது. கரட்டுத் தேனின் மக்னீசியம் 33. நிக்கல் அளவிடும் எல்லைக்குக் கீழே. ஆக, ‘இரும்பு மிகுந்தது’ என்ற வாசகம் சீசாவில் ஏறக் கூடாது. அசுத்தமான 43-ஐயே எடுத்துக்கொண்டாலும் 10 கிராம் தேனில் 0.43 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரைப்படி வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். சுத்தமான தேனில் கிடைப்பது 0.03. ரத்தசோகைக்கு முருங்கைக்கீரையும் மாத்திரையும் இருக்க, தேன்கரண்டியை நீட்டுவது நேர்மையான வியாபாரம் ஆகாது. கொசுத்தேனுக்கு அதன் புளிப்பும் மணமும் போதும், விலை அதற்கே கிடைக்கிறது.

காப்பித் தோட்டத்தில் தெளிப்பு நாளுக்கு முன்தினம் மாலை பெட்டியின் வாயை வலையால் மூடி, தெளிப்பு காயும் வரை வைத்து, அருகில் சுத்தமான தண்ணீர்த்தட்டும் வைத்தால் செம்பு குறையும். மகரந்தத்தைத் தெளிப்புக்குப் பின் இரண்டு மாதம் எடுக்காமல் விடுவது பாதுகாப்பு. கரட்டில் மண்பானைக்கு மாற்றாக மரப்பெட்டி வைத்து, தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு ஏற்றினால் லாரித் தூசியும் மழைத்தெறிப்பும் குறையும்.

செவ்வாய்ப்பேட்டைக் கூடுதான் கடினம். பெயின்ட் மூலத்தை நீக்கினாலும் எண் இறங்காது, ஏனென்றால் கொசுத்தேனீ பழைய பிசின்மெழுகை வீணாக்குவதில்லை. உடைந்த பானையின் சுவரைப் பிய்த்துப் புதுப் பானை கட்டும். நுழைவாய்க் குழாயைக் கலைத்து உள்ளே கொண்டுபோகும். ஈயம் கூட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். முட்டையறைக் கொத்தையும் ராணியையும் மட்டும் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழைய வெளிச்சுவர், பானைகள், குழாய் எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். பிசினுக்காக அவை தவிக்காமலிருக்க வேறு இடத்துக் கூட்டின் சுத்தமான உட்சுவர்ப் பிசின்மெழுகைச் சிறிது உள்ளே ஒட்டிவிடலாம். அகற்றியதைக் காயவைத்து எரித்தால் ஈயம் புகையோடும் சாம்பலோடும் பரவும். கட்டி மூடி அபாயக் கழிவாகத்தான் கொடுக்க வேண்டும். புதுப் பெட்டியின் உட்சுவர்ப் பிசின்மெழுகை மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அளந்து, இரண்டாவது எண் முதலாவதைவிட ஏறாமல் இருந்தால் மட்டும் தேன் எடுக்கலாம். ஏறினால் மூங்கில் துண்டு இருந்த சுவரை விட்டுத் தெருவின் வேறு முனைக்குக் கூட்டை நகர்த்த வேண்டும். சில நூறு மீட்டர் தள்ளினாலே இந்தத் தேனீக்கு அது வேறு ஊர்.